ஜிர்கோனியா பிரிட்ஜ்: எந்திரம் செய்வதும் கை செய்யவேண்டியதும்

ஜூஜுவாடி, ஓசூர் சிப்காட் பக்கம் சி.என்.சி. எந்திரத்தில் நிற்பவர்களுக்கு மைக்ரான் அன்றாடப் பேச்சு. அதே வகை எந்திரம்தான் இன்று பல் லேப்களில், இழந்த பல்லின் இடத்தை நிரப்பும் ஜிர்கோனியா பீங்கான் பிரிட்ஜைச் செதுக்குகிறது. அதனாலேயே அது பிசகாது என்று நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கை பாதிதான் சரி.

பலம் உண்மையானது. 3 மோல் சதவீத இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) சேர்ந்த ஜிர்கோனியாவின் வளைவு வலிமை சுமார் 1000 மெகாபாஸ்கல். மற்றொரு பல் பீங்கானான லித்தியம் டைசிலிகேட்டுக்கு ஏறத்தாழ 400. விரிசல் ஓடும் முனையில் படிகங்கள் உருமாறிப் பருத்து அதை நெருக்கி நிறுத்துகின்றன. ஆனால் பிரிட்ஜ் உடைவது பெரும்பாலும் பல்லும் பல்லும் சேரும் இணைப்பில். கடைவாயில் மூன்று பல் பிரிட்ஜுக்கு அங்கே குறைந்தது 9 சதுர மில்லிமீட்டர் பரப்பு வேண்டும் என்பது பொதுக் கணக்கு. அதிலும் உயரமே முக்கியம்: உயரம் பாதியானால் வளைவைத் தாங்கும் திறன் கால் பங்காகிவிடும். குட்டைப் பல்காரருக்கு அந்த உயரம் கிடைப்பதே கஷ்டம். அழகுக்காக இட்ரியாவைக் கூட்டி ஒளி ஊடுருவச் செய்த ரகத்தின் பலமும் வெகுவாகக் குறைவு. இரண்டையும் ஒரே பெயரில் விற்பது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

பொருத்தத்தில்தான் கை முந்துகிறது. சுடாத கட்டியை 20 முதல் 25 சதவீதம் பெரிதாக வெட்டி, 1500 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் சுருக்குகிறார்கள். நீளமான பிரிட்ஜ் சுருங்கும்போது சற்றே கோணினாலும் வாயில் ஆடும். பல்லோரத்தில் 120 மைக்ரான் வரை இடைவெளி ஏற்கலாம் என்று ஆய்வாளர்கள் மெக்லீனும் வான் ஃபிரான்ஹோஃபரும் 1971-இல் சொன்ன அளவை நல்ல லேப் எளிதில் எட்டும். ஆனால் பல்லைச் சீவும்போது கூர்முனை விட்டுவைத்தால், வெட்டும் பர் அதைவிடத் தடித்தது. அந்த மூலைக்குள் அதனால் புக முடியாது. மென்பொருள் சுற்றிலும் கூடுதலாகக் குடைந்துவிடும், பிரிட்ஜ் உள்ளே தளரும். ஈறு மூடிய விளிம்பை ஸ்கேனரும் பார்க்காது.

கிருஷ்ணகிரி, தருமபுரி நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம்; ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த ஃபுளூரைடால் கறைபட்ட பற்களை மறைக்க ஜிர்கோனியா கைகொடுக்கும். அந்த எனாமல் அமிலத்துக்கு எளிதில் இளகாது என்பதால், பசையை மட்டும் நம்பிய மெல்லிய வேலை இங்கே சிக்கலானது. அதற்காக லேசான கறைக்கெல்லாம் நல்ல பல்லைச் சீவுவதை நான் ஏற்கமாட்டேன். வெளுத்தல், மேற்பரப்பைத் தேய்த்தல் ஆகியவற்றை முதலில் பார்க்கவேண்டும். சீவிய எனாமல் திரும்ப வளராது.

பொருத்தும் நாளில் கடி உயரத்தைக் குறைக்க உரசிய இடத்தை மீண்டும் மெருகேற்றச் சொல்லிக் கேளுங்கள். சொரசொரப்பாக விட்ட ஜிர்கோனியா எதிர்ப்பல்லை அரைத்துவிடும்.