ஓரி எய்த அம்பு

வல்வில் ஓரியின் வேட்டத்தை வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாட்டு, தமிழ் பயில்வார் அனைவரும் அறிந்தது. ஓரி விடுத்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, புள்ளிக் கலையை உருட்டி, பன்றியைச் சாய்த்து, அயலே புற்றிற் கிடந்த உடும்பிற் சென்று செறிந்தது என்பது அதன் செய்தி. இதனை உயர்வு நவிற்சி என ஒரு சொல்லாற் கூறி அப்பாற் செல்வது வகுப்பறை வழக்கம். அணிக்குப் பெயரிட்ட அளவில் ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை. புலவர் எதனை உயர்த்தினார்? வில்லாளியின் தோளையா, அவன் அம்பையா? இவ்வினாவை எழுப்பினார் மிகச் சிலர்.

அம்பு விலங்கை எவ்வாறு கொல்கிறது என்பதை அறியாமல் இதற்கு விடை காண்டல் அரிது. அவ்வறிவு இன்றும் செயலளவில் வாழும் இடங்களுள் ஒன்று வட அமெரிக்காவின் மலைநாடு. ஆங்கு எல்க் என்னும் பெருமானை வில்லால் வேட்டையாடுவோர், எவ்வம்பு கொள்வது, எவ்வலகு பொருத்துவது என்பது பற்றி நிரம்ப எழுதியுள்ளனர். பெயர் பற்றி ஒரு சொல். இலங்கையிலிருந்த ஆங்கிலேயர் நம் கடமானையே எல்க் என்றனர். சாமுவேல் பேக்கர் 1854இல் வெளியிட்ட வேட்டை நூலைப் பயில்வார் இதனை மறத்தல் கூடாது. ஐரோப்பாவிலோ அப்பெயர் வேறொரு விலங்கைக் குறிக்கும். யாம் ஈண்டுக் கூறுவது அமெரிக்க எல்க்கினையே. அதன் வளர்ந்த கலை ஏறக்குறைய 300 கிலோகிராம் எடையுள்ளது.

துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியாலும் திசுவைச் சிதைத்தும் கொல்லும். அம்பு அத்தகையதன்று, அது வெட்டிக் குருதி வடித்துக் கொல்லும். கலிபோர்னிய அறுவை மருத்துவர் சாக்ஸ்டன் போப் இதனைத் தெளிவாக எழுதினார். யாகி இனத்தின் எஞ்சிய ஒருவராக 1911இல் வெளிப்பட்டு 1916இல் மறைந்த இஷியிடம் வில்வேட்டை கற்றவர் அவர். 1923இல் வெளிவந்த அவர்தம் வேட்டை நூல் இன்றும் இத்துறைக்கு முதல் நூலாகப் போற்றப்படுகின்றது. எரிமலைக் கண்ணாடிக் கல்லாலான முனை எஃகு முனையினும் ஆழச் சென்றதை அவர் தம் சோதனையிற் கண்டார். கூர்மையே அம்பின் உயிர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. மழுங்கிய அலகு குழாய்களைக் கிழிக்கும். கிழிந்த வாய் விரைவில் உறைந்து அடைபடும். கூரிய அலகு அறுத்த வாயோ திறந்தே நிற்கும்.

ஆகவே எல்க் வேட்டுவன் விரும்புவது, அலகு நெஞ்சறையில் ஒருபுறம் புக்கு மறுபுறம் போதலையே. இரு புண் உண்டாயின் நுரையீரல் விரைந்து ஒடுங்கும். குருதித் தடமும் நிலத்தில் நன்கு புலப்படும். இதற்கு ஏற்ற அம்பு யாது என்பதில்தான் வழக்கு. ஒரு சாரார் இலேசான விரைந்த அம்பை வேண்டுவர். அது தாழாது நேரே செல்லும். தொலைவை மதிப்பதில் நேரும் பிழை சிறுக்கும். மற்றொரு சாரார்க்குச் சான்றாசிரியர் எட் ஆஷ்பி. 1980களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் தொடங்கிய தம் ஆய்வுகளால், அலகும் தண்டும் முறியாமை, தடுமாறாத பறத்தல், முன்பாரம், குறுகிய வலிய ஈரலகு ஆகியவற்றை அவர் வற்புறுத்தினார். பேரெலும்பை ஊடுருவ 650 கிரெயின், அஃதாவது 42 கிராம் எடை வேண்டும் என்பதும் அவர் துணிபு.

ஒரே வில் 27 கிராம் அம்பை நொடிக்கு 85 மீட்டர் வேகத்திலும், 42 கிராம் அம்பை 70 மீட்டர் வேகத்திலும் விடுப்பதாகக் கொள்வோம். இரண்டின் இயக்க ஆற்றலும் ஏறத்தாழ ஒன்றே. உந்தமோ பின்னதற்குக் காற்பங்கினும் மிகுதி. விலா எலும்புகளுக்கு இடையே புகும் அம்பாயின் இவ்வேறுபாடு பெரிதன்று; தோளெலும்பிற் பட்டால் முடிவையே மாற்றும். பறக்கும்போது மடங்கியிருந்து பட்டவுடன் விரியும் அலகு அகன்ற புண் செய்யும். எனினும் விரிதற்கே ஆற்றலிற் பங்கு கழியும். வலி குறைந்த வில்லினர் எல்க்கிற்கு அதனைக் கொள்ளாமையே நன்று என்பது எம் கருத்து. கொலராடோ மாநில விதி கேட்பது மிகச் சிறிது: 35 பவுண்டு இழுவிசையுள்ள வில், 7/8 அங்குல அகலத்தில் குறைந்தது இரண்டு எஃகு வெட்டுவாய்.

இனிப் பாட்டிற்கு வருவோம். எடுத்த எடுப்பிலேயே புலவர் அம்பைத் தொடுப்பின் விழுப்பத்தால் சிறப்பிக்கின்றார். பின்னர்க் கொல்வோனைச் சுட்டுமிடத்தும் புகழும் சிறப்பும் அம்புக்கே அடையாக நிற்கின்றன. அவ்விடத்துத் திளைத்தல் என்னும் வினைக்கு உடலுள் ஆழ்தல் எனப் பொருள் கொள்வதே பொருந்தும் என யாம் துணிகின்றோம். தோள்வலியே கருத்தாயின் வில்லின் வன்மையை விரித்திருப்பார்.

யானையை அம்பால் வீழ்த்துதல் இயலாததன்று. 1950ஐ ஒட்டி ஆப்பிரிக்காவில் ஹோவர்ட் ஹில் என்னும் அமெரிக்கர் அதனைச் செய்தார். யானையுட் புக்குப் புறம்போந்து மேலும் நான்கு உயிரைத் தொடும் அம்பு உலகில் இல்லை. உயர்வு நவிற்சி அங்கேதான் உள்ளது. ஆயினும் அதன் போக்கை நோக்குக. வெறும் வியப்பை விளைக்க எண்ணுவோன் உடும்பில் தொடங்கி யானையில் முடிப்பான். வன்பரணர் யானையில் தொடங்கி உடும்பில் முடிக்கின்றார். பன்றி புள்ளிக் கலையினும் எடை மிக்கதாதல் கூடுமாதலின் இவ்வரிசை துலாக்கோலால் நிறுத்தமைத்ததன்று. எனினும் தலையும் கடையும் ஐயத்திற்கு இடந்தாரா. ஒவ்வோருடலிலும் விசையிழந்து செல்லும் அம்பின் இயல்பறிந்த ஒருவரது கற்பனை இது.

கோவை நூல்களில் தலைவன் தன் அம்பு பட்ட யானையோ மானோ இவ்வழி வந்ததோ எனத் தோழியை வினவும் துறையையும் இங்கு நினைக்கலாம். அவன் கூற்றுப் பொய்யென அவள் அறிவாள். ஆயினும் அது நடவாத பொய்யன்று. அம்பு பட்ட விலங்கு நெடுந்தூரம் ஓடுதலும், வேட்டுவன் தடம் பற்றித் தேடுதலும் எல்க் வேட்டையில் நாளும் காண்பனவே. ஓரியின் அம்பு பட்டவற்றுள் ஒன்றேனும் ஓடியதாகப் புலவர் கூறவில்லை. யானை வீழ்ந்தது, கலை உருண்டது. உடும்பினிடத்து மட்டும் அம்பு செறிந்து நின்றது எனச் சொல்லும் மாறுகின்றது. சுரத்திடை வந்த இரவலர் கூட்டம், எதிர்ப்பட்டவன் பெயரை அறியுமுன்பே அவன் ஓரிதானோ என ஐயுற்றது இவ்வம்பின் செலவைக் கண்டே.