அலரும் பதிவேடும்: பெயர் சுட்டாமை பற்றிச் சில குறிப்புகள்

அகப்பாடல்களில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படலாகாது என்பது தொல்காப்பிய விதி. காதல் தனியொருவர்க்கு உரியதன்று, மானிடப் பொதுமை வாய்ந்தது என்பதே இதற்குப் பெரும்பாலும் கூறப்படும் விளக்கம். அது பொருத்தமானதே. ஆயினும், அப்பாடல்களில் இடைவிடாது ஒலிக்கும் அலரையும் உடன்வைத்து நோக்கின் மற்றொரு பயனும் புலப்படும். ஊர் தூற்றும் சூழலிற் பெயர் சுட்டாமை பேசுவோர்க்குக் காப்புமாயிற்று எனக் கொள்ளலாம். புறத்திலோ வீழ்ந்த மறவனின் பெயர் நடுகல்லிற் பொறிக்கப்பட்டது. ஆகவே பெயரிடுதலும் பெயர் மறைத்தலும் தம்மளவில் நன்மையோ தீமையோ அல்ல. பெயரை எழுதுபவர் யார், எதன்பொருட்டு எழுதுகிறார் என்பதே வினா.

மன்னார்த் தீவு இவ்வினாவைக் கூர்மைப்படுத்துகிறது. 1544 இல் அங்குக் கொல்லப்பட்ட கத்தோலிக்கர் ஏறத்தாழ அறுநூற்றுவர் என மரபுரை கூறும். தோட்டவெளி ஆலயம் அவர்களை நினைவுகூர்கிறது. அவர்களுட் பெரும்பாலாரின் பெயர் எஞ்சவில்லை. கொல்வித்த சங்கிலியின் பெயர் எஞ்சியுள்ளது. ஆண்டோர் பெயர் நிலைக்க மாண்டோர் பெயர் மறைவது வர்க்க சமுதாய வரலாற்றெழுதியலின் இயல்பு.

இன்று ஆள்வோர் மக்களின் பெயரை மறப்பதில்லை, தேடித் திரட்டுகின்றனர். 2022 மக்கள் எழுச்சியின் பின்னர், பங்குபற்றியோரை இனங்காணும்பொருட்டுப் பொலிஸார் அவர்களின் ஒளிப்படங்களை வெளியிட்டனர். வடக்குக் கிழக்கிலே காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் புலனாய்வினராற் கண்காணிக்கப்படுவதை ஐக்கிய நாடுகள் மனித உரிமை அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சுட்டியுள்ளன. மகன் எங்கே என்ற வினாவுக்கு அரசிடம் விடையில்லை. வினவிய தாயின் முகமோ பதிவாகிறது.

அலருக்கும் பதிவுக்குமுள்ள வேறுபாடு இங்கு மனங்கொள்ளத்தக்கது. அலர் மணத்தோடு அடங்கும், தலைமுறையோடு மறையும். பதிவேடு அடங்குவதில்லை. ஒரு நோக்கத்துக்குத் திரட்டப்பட்டது பிறிதொரு கையிற் பிறிதொரு கருவியாகும். 1983 யூலையிற் கொழும்பிலே தமிழர் வீடுகளைத் தேடியோர் கையில் வாக்காளர் இடாப்புகள் இருந்தமைக்குச் சாட்சியங்கள் பல உள. வாக்குரிமைக்கென எழுதப்பட்ட பெயரே வீட்டுக்குத் தீ வைக்க வழிகாட்டிற்று.

இவ்வாபத்தும் யாவர்க்கும் சமமானதன்று. காற்றாலைகளுக்கும் இல்மனைற்று மணல் அகழ்வுக்கும் எதிராக 2025 இல் மன்னார் மக்கள் திரண்டனர். செப்டெம்பர் 26 இரவு பொலிஸார் அவர்களைப் பலாத்காரமாக அகற்றினர். அத்தகைய திரளில் நிற்கும் கடற்றொழிலாளியின் படகுப் பதிவு, காணி உத்தரவுப்பத்திரம், அஸ்வெசும கொடுப்பனவு யாவும் அரச அலுவலகங்களையே சார்ந்தவை. இவற்றோடு முகமும் கைரேகையும் ஒரே அடையாள எண்ணிற் பிணைக்கப்படுமாயின், ஒருநாட் போராட்டத்தின் விலையை அவர் பல்லாண்டு செலுத்த நேரும். தனியாள் தரவுப் பாதுகாப்புக்கென 2022 இல் இயற்றப்பட்ட சட்டமும் தேசியப் பாதுகாப்பு, குற்றப் புலனாய்வு ஆகியவற்றுக்கு விதிவிலக்களிக்க இடம்வைத்துள்ளது.

முகம் மறைப்பவன் பொறுப்பை மறுக்கிறான் என்பார் உளர். ஒருவர் புரிந்த குற்றத்தை விசாரிப்பது வேறு. கூடி நின்ற அனைவரையும் குற்றவாளியாகக் கூடியவராய்ப் பதிந்துவைப்பது வேறு. கூட்டுக்குரலை உதிரி மனிதராய்ப் பிரித்து, ஒவ்வொருவரையும் தனித்தனியே அஞ்சவைப்பதே பின்னதன் பயன்.

இது நமது துறைக்கும் புறம்பானதன்று. பாடியவரின் பெயர், வயது, ஊர் ஆகியவற்றைக் குறித்தல் நாட்டாரியற் களஆய்வின் ஒழுங்கு. போராட்டக் களத்துப் பாடல்களைத் திரட்டுங்கால் அவ்வொழுங்கே மற்றொரு பதிவேடாகிவிடும். மாண்டோரின் பெயரைத் தேடி எழுதுவோம். வாழ்வோர் தம் பெயரை எழுத வேண்டா என்பராயின், அப்பாடலைப் பெயரின்றியே பேணுவோம். அகமரபு நமக்களித்த முறையியல் அது.