கிரீ மக்களின் பண்பாட்டகம்: சாவி யார் கையில்?

அடிச்சவனே வந்து 'காப்பாத்துறேன்'னு நின்றால் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். கனடாவில் நூறு வருசத்துக்கும் மேலாகப் பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்தார்கள். தாய்மொழியில் வாய் திறந்தால் அடி. காசு அரசினுடையது, நிர்வாகம் பெரும்பாலும் திருச்சபைகளுடையது. 2008இல் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2015இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் இதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்றே எழுதியது. இன்று அதே அரசு மரபுப் பாதுகாப்பு பேசுகிறது. அதனால் பண்பாட்டு மையம் என்று எதைக் கேள்விப்பட்டாலும் சாவி யார் கையில் என்றுதான் நான் முதலில் கேட்கிறேன்.

க்யூபெக்கின் வடக்கே ஊஜே-பூகுமூவில் 2011இல் திறக்கப்பட்ட ஆனிஷ்சாவுகமிக் பண்பாட்டகத்தை கிரீ மக்களே நடத்துகிறார்கள். சுரங்கத்துக்காகத் திரும்பத் திரும்பத் துரத்தப்பட்ட சனம் இது. 1970இல் இருந்த குடியிருப்பும் போய், காட்டுச் சாலையோரக் குடிசைகளில் சிதறிக் கிடந்தார்கள். போராடி 1989இல் க்யூபெக்கோடும் 1992இல் கனடாவோடும் ஒப்பந்தம் போட்டு ஊரை மீட்டார்கள். பழங்குடி வழிவந்த டக்ளஸ் கார்டினல் ஊரையும் வடிவமைத்தார், பண்பாட்டகத்தையும் வடிவமைத்தார். இரண்டு முனையிலும் வாசல் உள்ள அவர்களுடைய நீளக் கூடாரத்தை நினைவூட்டும் மரக்கட்டடம் அது. ஊரைப் பறிகொடுத்தவர்கள் கட்டிய வீடு என்பதால்தான் அதை வெறும் அருங்காட்சியகமாக என்னால் பார்க்க முடியவில்லை.

சரி, உள்ளே காக்கப்படும் மொழி எப்படிப்பட்டது? அதன் எழுத்தை 1840இல் ஜேம்ஸ் எவன்ஸ் என்ற பாதிரியார் உருவாக்கினார் என்று பாடநூல்கள் சொல்லும். ஆவியுலகம் போய்த் திரும்பிய தங்கள் முன்னோர் ஒருவர் கொண்டுவந்தது என்று கிரீ மக்களின் வாய்மொழி சொல்லும். அச்சில் வந்ததுதான் வரலாறு, வாயில் வந்தது கதை என்று பிரித்துவைத்தது யார்? ஒரு மெய்க்கு ஒரு வடிவம், அதை நான்கு விதமாகத் திருப்பினால் நான்கு உயிர்மெய். காலும் கொம்பும் போடுகிற நமக்கு இது வியப்புதான்.

அதைவிட வியப்பு அவர்களுடைய திணை. நம் இலக்கணம் 'உயர்' என்று ஒரு திணைக்குப் பேர் வைத்து, மற்றதெல்லாம் அல்லாத திணை என்று ஒதுக்கியது. முதுகலை வகுப்பில் இதை மனப்பாடம் செய்தபோது யாரும் கேள்வி கேட்கவில்லை. கிரீ மொழி உயிருள்ளது, உயிரற்றது என்று பிரிக்கிறது. அதில் கல்லும் உயிருள்ளது, கையுறையும் உயிருள்ளது. அந்தக் கையுறையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து எண் ஒட்டினால் அதன் திணை என்னாகும்?

இங்கேதான் என் விமர்சனம். 2002இல் கிரீ தலைமை க்யூபெக் அரசோடு ஒப்பந்தம் போட்டது. ரூபர்ட் ஆற்றைத் திருப்ப அதில் சம்மதம் இருந்தது. நெமாஸ்கா, வாஸ்ககனிஷ், சிசாசிபி ஊர்கள் 2006இல் வாக்கெடுத்து எதிர்ப்புச் சொன்னன. இருந்தும் 2009இல் ஆற்றுநீரின் பெரும்பகுதியைத் திருப்பிவிட்டார்கள். ஆறு போன இடத்தில் அந்த ஆற்றின் மீன்பிடிச் சொற்களை, படகுப் பாதைச் சொற்களை யார் யாரிடம் பேசுவது? அகராதியில் ஏற்றலாம். பேச ஆறு வேணுமே!

மரபு என்றால் மணிவேலைப்பாடும் பனிக்காலணியும் மட்டுமல்ல. தலைமையோடு அந்த மூன்று ஊர்கள் போட்ட சண்டையும் மரபுதான். சாவியைத் தன் கையில் வைத்திருக்கும் மக்கள் அதையும் உள்ளே வைக்க வேண்டும், கண்ணாடி போடாமல்.