செம்பனைக் காட்டில் வெல்வது இடப்பக்க இருக்கை

மண்சாலை ராலி என்றதும் நம்மவர்கள் பேச்சு நேராக வண்டிக்குப் போய்விடும். என்ன இன்ஜின், எத்தனை அங்குல டயர், முன்னால் விஞ்ச் இருக்கிறதா என்று கேட்பார்கள். நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்குள் சிறு மன்றங்கள் நடத்தும் வழிகாணும் ராலிகளில் கலந்துகொண்டவன், முடிவிடத்தில் நின்று நேர அட்டைகளைப் புரட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இங்கே பின்தங்கும் வண்டிகளில் பெரும்பாலானவை சேற்றில் புதைந்து பின்தங்குவதில்லை. தவறான சந்தியில் திரும்பிப் பின்தங்குகின்றன. அந்தத் திருப்பத்தைத் தீர்மானிப்பவர் ஓட்டுநர் அல்லர். அவருக்கு இடப்பக்கம், மடியில் ரோட்புக்கை விரித்து உட்கார்ந்திருக்கும் நேவிகேட்டர்.

போட்டி முறை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது வேகப் பந்தயம் இல்லை. அமைப்பாளர்கள் தரும் ரோட்புக்கில் கட்டம் கட்டமாகக் குறிப்புகள் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் புறப்பட்ட இடத்திலிருந்து மொத்தத் தூரம், முந்தைய குறிப்பிலிருந்து உள்ள தூரம், சந்தியின் சிறு கோட்டுப்படம். படத்தில் புள்ளியிலிருந்து கிளம்பி அம்புக்குறியில் முடிய வேண்டும். நெதர்லாந்தின் துலிப் ராலியில் பிறந்த முறை என்பதால் உலகம் முழுவதும் இதைத் துலிப் படம் என்கிறார்கள். கூடவே ஒரு சராசரி வேகமும் தருவார்கள். தோட்டச் சாலைக்கு மணிக்கு 24 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் எங்கோ ஓரிடத்தில், முன்கூட்டிச் சொல்லாத சோதனைச் சாவடியில், உங்கள் நேரத்தைக் குறிப்பார்கள். தாமதத்துக்குப் புள்ளி வெட்டு உண்டு. முன்னதாக வந்தால் பல போட்டிகளில் அதைவிடப் பெரிய வெட்டு. கட்டற்ற வேகத்துக்கு இங்கே பரிசே கிடையாது.

இனி, நம் தோட்டங்கள் ஏன் இந்த விளையாட்டுக்கு இவ்வளவு கடினமான களம் என்று பார்ப்போம். செம்பனையை முக்கோண முறையில், மரத்துக்கு மரம் ஏறத்தாழ 9 மீட்டர் விட்டு நடுகிறார்கள். ஒரு ஹெக்டேருக்கு 140 மரம் போல வரும். சமதளத்தில் காட்டுச் சாலைகள் நேர்கோடாக ஓடி, ஒன்றையொன்று ஒரே மாதிரி கோணத்தில் வெட்டிக்கொள்ளும். ரந்தாவ், சிலியாவ், லிங்கி பக்கம் உள்ளே போய்ப் பாருங்கள். ஒரு சந்தியில் நின்று நான்கு திசையும் பார்த்தால் நான்கும் ஒன்றுபோலவே இருக்கும். மலை இல்லை, ஆறு தெரியாது, அடிவானம் மறைந்துவிடும். பாலைவனத்தில் வழி தவறுபவனுக்கு அடையாளமே கிடைக்காது. செம்பனைக் காட்டில் வழி தவறுபவனுக்கு அடையாளம் மிகுதி. எல்லாம் ஒரே அடையாளம் என்பதுதான் தொல்லை.

கைத்தொலைபேசி வரைபடமும் கைகொடுக்காது. பெரும்பாலான போட்டிகளில் அதற்குத் தடை என்பது ஒருபுறம். செம்பனையை ஏறக்குறைய 25 ஆண்டுகளில் அழித்து மறுநடவு செய்யும்போது புல்டோசர் பழைய சாலையைப் பெயர்த்துவிட்டுப் புதிதாக ஒன்று போடும். வரைபடத்தில் இருக்கும் கோடு நிலத்தில் இருக்காது.

ஆக, நம்பக்கூடியது தூரம்தான். அங்கேதான் முதல் கண்ணி. சேற்றில் சக்கரம் சுழலும், வண்டி நகராது, ஆனால் தூரம் அளக்கும் டிரிப்மீட்டர் ஓடும். பெரிய மண் டயர் மாட்டியிருந்தால் இதற்கு நேர்மாறு: டயரின் விட்டம் 5 விழுக்காடு கூடினால், உண்மையில் 10 கிலோமீட்டர் போன வண்டி ஏறத்தாழ 9.5 என்றுதான் காட்டும். டயர் மாற்றிய வண்டியை அமைப்பாளர் அளந்து வைத்த தூரத்தில் ஒருமுறை ஓட்டி, வித்தியாசத்தைக் கணக்கிட்டு எழுதிக்கொள்ளாமல் புறப்படும் அணிகளைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஆயிரக்கணக்கான ரிங்கிட்டுக்கு டயர் வாங்கியவர்கள், அரைமணி நேர வேலையை விட்டுவிடுகிறார்கள்.

ஒரு கட்டத்தை மட்டும் நெருக்கமாகப் பார்க்கலாம். ரோட்புக் சொல்கிறது: 6.40 கிலோமீட்டரில் இடது. வலப்பக்கம் சிறு கோயில். வண்டி இரண்டு தாழ்வான இடங்களில் வழுக்கி, சக்கரம் சும்மா சுழன்றதில் டிரிப்மீட்டர் 200 மீட்டர் கூடுதலாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். திரையில் 6.40 வருகிறது. சரியாக அங்கே இடப்பக்கம் ஒரு சாலையும் இருக்கிறது. செம்பனைக் காட்டில் எங்கே பார்த்தாலும் இடப்பக்கம் ஒரு சாலை இருக்கத்தான் செய்யும். ஓட்டுநரின் கை ஸ்டியரிங்கைத் திருப்பத் துடிக்கிறது. கோயில் எங்கே? காணோம். "நேரா போங்க, இன்னும் வரல" என்று அந்த நொடியில் உறுதியான குரலில் சொல்கிறவர்தான் நேவிகேட்டர். 6.60இல் அடுத்த சந்தி. தகரக் கூரை, சூலம், மஞ்சள் துணி கட்டிய முனியாண்டி. அங்கே வண்டியை நிறுத்தி, டிரிப்மீட்டரை 6.40க்குத் திருத்திவிட்டுத் திரும்ப வேண்டும். திருத்தாமல் போனால் பிழை அடுத்த பக்கத்துக்கும் போகும். அதற்கடுத்த சேற்றில் இன்னும் வளரும்.

சரி, தவறாகவே திரும்பிவிட்டீர்கள். அடுத்து என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் அமெச்சூர் அணிகள் இரண்டாகப் பிரிகின்றன. ஒரு சாரார் கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்பி வருவார்கள். மற்றவர்கள், "இப்படியே போனா அந்தச் சாலையில ஏறிடலாம்" என்று குறுக்கு வழி தேடுவார்கள். குறுக்கு வழியில் மூன்று சந்தி தாண்டியபின் அவர்களுக்குத் திரும்புவதற்கும் இடம் தெரியாது.

பத்து நிமிடம் போய்விட்டது என்றால் மணிக்கு 24 என்ற கணக்கில் 4 கிலோமீட்டர் பின்தங்கியிருக்கிறீர்கள். மணிக்கு 32 என்று விரட்டினாலும் அதை ஈடுகட்ட அரைமணி நேரம், 16 கிலோமீட்டர் தேவை. அந்த 16 கிலோமீட்டரும் கூடுதல் வேகம், கூடுதல் வழுக்கல், மேலும் பொய் சொல்லும் டிரிப்மீட்டர். ஆகவே இழந்த நேரத்தை இழந்ததாகவே ஏற்றுக்கொண்டு, விதித்த வேகத்திலேயே போகும் அணி கடைசியில் மேலே வருவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒரு தாமதத்துக்கு ஒரு வெட்டு போதும் என்று விடத் தெரிந்தவர்கள் அவர்கள்.

உலகின் பெரிய ராலிகளும் பந்தயங்களும் இந்த வழிகாணும் திறமையில்தான் நிற்கின்றன. 1977இல் அபிஜான்–நீஸ் ராலியில் லிபியப் பாலைவனத்தில் வழி தவறித் தவித்த தியெரி சபீன்தான் அடுத்த ஆண்டு டிசம்பரில் பாரிஸ்–டக்கார் ராலியைத் தொடங்கினார். 1955 மில்லே மில்யா சாலைப் பந்தயத்தில் ஸ்டெர்லிங் மோஸ் 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் வென்றபோது, பக்கத்தில் டெனிஸ் ஜென்கின்சன் ஒரு நீண்ட காகிதச் சுருளை உருட்டிக்கொண்டே வளைவுகளைக் கைச்சைகையால் சொல்லிக்கொண்டிருந்தார். நம் நாட்டுக் கதை இன்னும் நெருக்கமானது. கரம்ஜித் சிங் 2002இல் புரோட்டோன் பெர்ட்டில் உற்பத்திக் கார்களுக்கான உலக ராலிப் பட்டத்தை வென்றார். அதை வென்ற முதல் ஆசியர் அவர். அந்தப் பட்டத்தில் பாதி, பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு வாசித்த ஆலன் ஓவுக்கு உரியது. கரம்ஜித்தைத் தெரிந்த எத்தனை பேருக்கு ஆலன் ஓவைத் தெரியும்? இந்தியாவிலும் அப்படித்தான். ராலி ஓட்டுநர் கௌரவ் கில்லைத் தெரியும். தேசியப் போட்டிகளில் அவருக்கு வழி சொன்ன காசர்கோடு மூசா ஷெரீப்பை ராலிக்காரர்கள் மட்டுமே அறிவார்கள். 2024 டக்காரில் ராலி 2 பிரிவை வென்ற கேரளத்தின் ஹரித் நோவாவுக்கு அந்த வேலையையும் சேர்த்துத் தானே செய்ய வேண்டியிருந்தது. மோட்டார் சைக்கிளில் வழிகாட்டிக்கு ஏது இருக்கை?

நம் தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றிப் பேச வேண்டியது இங்கேதான். லாபுவிலும் சுவா பெத்தோங்கிலும் பகாவிலும் தோட்டத்துக்குள் வளர்ந்தவர்களுக்குச் செம்பனைக் காடு நான்கு திசையும் ஒன்றாகத் தெரிவதில்லை. மரத்தின் உயரம் பார்த்து நடவு ஆண்டைச் சொல்வார்கள். அங்கிருந்து எந்தக் காடு என்பதையும் சொல்வார்கள். சந்தியில் நடவு ஆண்டும் ஹெக்டேரும் எழுதிய பலகையை எங்கே தேடுவது என்று தெரியும். வெட்டிய மட்டைகளை அடுக்கியிருக்கும் நிரை எது, குலையை வெளியே கொண்டுவரும் நிரை எது என்று தெரியும். குலை ஏற்றிய லாரியின் தடம் எந்தப் பக்கம் ஆழமாகப் பதிந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் ஆலைக்குப் போகும் பெரிய சாலை என்று கண் முதலில் அங்கே போகும். அப்பன் மண்டோராகவோ, தாத்தா பால்மரக் காட்டுக் கங்காணியாகவோ இருந்த வீட்டில் இதை யாரும் பாடமாக நடத்தியதில்லை. சும்மா வந்துவிட்ட அறிவு. ராலியில் இது விலைமதிப்பற்றது.

ஆனால் இவர்களை ராலித் தொடக்கத்தில் நான் காண்பது அரிது. வண்டி இருப்பவர்கள் பதிவு செய்கிறார்கள். பக்கத்து இருக்கையில் நண்பரையோ மைத்துனரையோ ஏற்றிக்கொள்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு நான்கு சக்கர இயக்க ஹைலக்ஸ் எங்கிருந்து வரும்? அவனுக்கு, அவளுக்கும்தான், அது தேவையே இல்லை. சொந்த வண்டி இல்லாமலே பட்டம் வெல்லக்கூடிய இருக்கை நேவிகேட்டருடையது. ஒரு கடிகாரம், ஒரு கால்குலேட்டர், பென்சில், ஓடும் வண்டியில் குனிந்து படித்தாலும் குமட்டாத வயிறு இவை போதும். பயிற்சிக்கு ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிளும் அதன் மீட்டரும் உண்டு. தோட்ட அனுமதியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாதையைத் தானே அளந்து துலிப் படம் வரைந்து, இன்னொருவரை அதைப் பார்த்து ஓட்டச் சொன்னால் போதும். தவறு எங்கே வருகிறது என்பது அன்றைக்கே புரிந்துவிடும்.

அமைப்பாளர்களுக்கும் சொல்ல இருக்கிறது. டக்காரில் பணக்கார அணிகள் வரைபட நிபுணர்களை வைத்து முந்தைய இரவே பாதையை ஆராய்ந்துவிடுகின்றன என்ற புகார் எழுந்தது. அதனால் 2020இல் சில நாள் ஓட்டங்களுக்கு ரோட்புக்கைப் புறப்படுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்புதான் கொடுத்தார்கள். நம் மன்றங்கள் முந்தின நாள் விருந்திலேயே கொடுப்பதை விட்டுவிட்டு, அதையே செய்யலாம். செலவு இல்லை, சமநிலை வரும். பரிசளிப்பில் நேவிகேட்டருக்கு ஓட்டுநர் கோப்பையின் சின்னப் பதிப்பைக் கொடுக்காமல் அதே அளவில் கொடுக்க வேண்டும். வண்டி இல்லாத நேவிகேட்டர்கள் தனியாகப் பதிவு செய்து, ஆள் தேடும் ஓட்டுநர்களோடு இணையும் பட்டியல் ஒன்று வேண்டும்.

நம் நாட்டின் மழைக்காடு சவால் போட்டி வேறு வகை. 1997இல் லூயிஸ் வீ தொடங்கிய அதில் வடகிழக்குப் பருவமழையில் விஞ்ச்சும் வலிமையும் பேசும். அதற்கு அதன் பெருமை. ஜொகூரின் செம்பனைத் தோட்டங்களில் ஓடிய ஆசிய பசிபிக் ராலியும் வேறு உலகம். அங்கே வேகமே எல்லாம். ஏழை வீட்டுப் பிள்ளையும் பெரிய வண்டிக்காரரும் ஒரே தாளை வைத்துக்கொண்டு மோதக்கூடிய போட்டி இந்தச் சிறிய வழிகாணும் ராலிதான்.

அதற்கான நிலமும் குறைந்து வருகிறது. நீலாயும் சிரம்பான் 2உம் ஸ்ரீ செண்டாயானும் தோட்டங்களாக இருந்தவை. லாபு பக்கம் மலேசிய விஷன் பள்ளத்தாக்குத் திட்டம் இன்னும் பல காடுகளை எடுத்துக்கொள்ளும். பகாவ், ரொம்பின் பக்கம் இன்னும் பரந்த தோட்டங்கள் இருக்கின்றன. மன்றங்கள் அங்கே நகர வேண்டும். போகும்போது, ராலியைப் பார்க்க வேலியோரம் கூடும் பிள்ளைகளில் இருவரை வண்டியில் ஏற்றி, மடியில் ரோட்புக்கைக் கொடுத்துப் பாருங்கள். முதல் பத்துக் கிலோமீட்டருக்குள் உங்களுக்கு நல்ல நேவிகேட்டர் ஒருவர் கிடைத்துவிடுவார்.