இழுவைப் பட்டையும் அதன்மேல் அச்சிட்ட கிலோவும்

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில், கண்ணமங்கலத்தைத் தாண்டிப் போளூரை அடையுமுன் வரும் ஊர் சந்தவாசல். மேற்கே சவ்வாது மலைத்தொடர். அவ்வூர் மாணவர் ஒருவர் தம் உடலை வலுப்படுத்திக்கொள்ள விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். நகரத்து உடற்பயிற்சிக் கூடத்துக்கு மாதக் கட்டணமும் பஸ் கட்டணமும் கொடுத்துப் போய்வர அவரால் இயலாது. எனவே சில நூறு ரூபாய் அனுப்பி, ‘ரெசிஸ்டன்ஸ் பேண்ட்’ எனப்படும் ரப்பர் இழுவைப் பட்டை ஒன்றை வரவழைக்கிறார். வீட்டில் அவருடைய அக்காவும் பாட்டியும் இருக்கிறார்கள். ஒரே பட்டை மூவருக்கும் பயன்படும் என்பது அவர் எண்ணம்.

எண்ணம் நல்லதே. ஆனால் இத்தகைய பெட்டிகளின்மேல் பொதுவாக மூன்று வாசகங்களைக் காண்கிறோம். ஒன்று, ‘20 கிலோ’ என்பது போன்ற ஓர் எண். இரண்டு, ‘உடற்பயிற்சிக் கூடத்துக்கு நிகரானது’ என்ற உறுதி. மூன்று, ‘சில வாரங்களில் தொப்பை கரையும்’ என்ற ஆசைவார்த்தை. இம்மூன்றையும் அறிவியல் என்னும் உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம், வாருங்கள்.

பழைய வாக்குறுதி

ரப்பரை இழுத்து உடலை வளர்க்கும் முறை புதிதன்று. பிரஷ்யாவில் 1867-ல் பிறந்த யூஜின் சாண்டோ என்னும் பயில்வான், மேடைகளில் பெரும் எடைகளைத் தூக்கிப் புகழ் பெற்றவர். அப்புகழைக் கொண்டு அவர் ரப்பர் இழைகளால் ஆன பயிற்சிக் கருவிகளையும், வில் பொருத்திய கைப்பிடிக் குண்டுகளையும் விற்பனை செய்தார். 1904-05-ல் இந்தியாவுக்கும் வந்து சென்றார். அவர் பெயர் தமிழில் நிலைத்தே விட்டது. கையில்லாத பனியனை ‘சாண்டோ பனியன்’ என்கிறோம். திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவரை (1915-1978) ‘சாண்டோ’ என்ற அடைமொழியோடுதான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம்.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். எடை தூக்கிப் பெயர் பெற்றவரின் படத்தைக் காட்டி ரப்பர் விற்கப்பட்டது. இன்றைய பெட்டியிலும் கட்டுமஸ்தான உடல் ஒன்றின் படம் இருக்கிறது. அவ்வுடலை அந்தப் பட்டைதான் உருவாக்கியது என்பதற்குச் சான்று பெட்டியில் இல்லை. ஆகவே படத்தை விட்டுவிட்டு எண்ணைப் பார்ப்போம்.

கிலோ எங்கிருந்து வந்தது?

5 கிலோ இரும்புக் குண்டு தரையிலும் 5 கிலோ, தோளிலும் 5 கிலோ, தலைக்குமேல் தூக்கினாலும் 5 கிலோ. ரப்பர் பட்டை அப்படியன்று. தளர்ந்து கிடக்கும்போது அதன் இழுவிசை பூஜ்யம். நீட்ட நீட்ட விசை கூடுகிறது. எனவே எவ்வளவு நீட்டியபோது 20 கிலோ என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. ‘ஊர் ஐந்து மணி தூரம்’ என்று சொல்லிவிட்டு, நடந்தா பஸ்ஸிலா என்று சொல்லாமல் விடுவது போன்றது இது.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். பட்டையின் ஒரு முனையைக் காலால் மிதித்து மறுமுனையைக் கையால் அரை மீட்டர் இழுக்கிறீர்கள். பிறகு அதே பட்டையை இரண்டாக மடித்து, மடிப்பை மிதித்து, இரு முனைகளையும் சேர்த்து அதே அரை மீட்டர் இழுக்கிறீர்கள். இப்போது ஒவ்வோர் இழையும் பாதி நீளமே உடையது. ஆகவே நீளத்தின் விகிதத்தில் பார்த்தால் இருமடங்கு நீள்கிறது. ஏறத்தாழ இருமடங்கு விசை தருகிறது. இழைகளோ இரண்டு. ஆக மொத்தம் சுமார் நான்கு மடங்கு! பட்டை மாறவில்லை, பெட்டியின் எண்ணும் மாறவில்லை. கையில் ஏறும் சுமை மட்டும் நான்கு மடங்காகிவிட்டது.

உயரமும் கணக்கில் வருகிறது. பட்டையை மிதித்துக்கொண்டு தலைக்குமேல் தூக்கும்போது உயரமான தம்பி அதை அதிகம் நீட்டுகிறார்; குள்ளமான அக்கா குறைவாக நீட்டுகிறார். ஒரே பட்டை இருவருக்கும் இரு வேறு சுமைகள் தருகிறது.

மருத்துவப் பயிற்சிக்கான பட்டைகளைச் செய்யும் சில நிறுவனங்கள், தளர்ந்த நீளத்தைப்போல் இருமடங்காக நீட்டினால் எவ்வளவு விசை, மும்மடங்காக நீட்டினால் எவ்வளவு என்று அட்டவணை தருகின்றன. நேர்மையான முறை அதுவே. நிறமும் வழிகாட்டாது. ஒரு நிறுவனத்தின் பச்சை வேறொரு நிறுவனத்தின் பச்சைக்குச் சமமாக இருக்க வேண்டும் என்ற நியதி எதுவும் இல்லை.

ரப்பர் ஏன் இழுக்கிறது?

இரும்பு வில்லை நீட்டும்போது அணுக்களுக்கிடையே உள்ள பிணைப்புகள் சற்றே விலகுகின்றன. அவை பழைய நிலைக்குத் திரும்ப முயல்கின்றன. ரப்பரின் கதை வேறு. அதன் மூலக்கூறுகள் மிக நீண்ட சங்கிலிகள். சந்தவாசலுக்கு அருகிலுள்ள படவேடு ரேணுகாம்பாள் கோயிலில் ஆடி வெள்ளிக் கூட்டத்தை எண்ணிக்கொள்ளுங்கள். கைகோத்த சிறுவர் வரிசை ஒன்று அக்கூட்டத்தில் நிற்கிறது. வரிசையின் இரு முனைகளையும் இரண்டு பெரியவர்கள் பிடித்திருக்கிறார்கள். கூட்டம் சிறுவர்களை இப்படியும் அப்படியும் இடிக்க, வரிசை வளைந்து நெளிகிறது. முனைகளில் நிற்கும் இருவரும் உள்ளே இழுக்கப்படுகிறார்கள். சிறுவர்கள் யாரும் வேண்டுமென்று இழுக்கவில்லை. இடிபாடுதான் இழுவிசையாக வெளிப்படுகிறது. ரப்பரிலும் அப்படியே. வெப்பத்தால் துடிக்கும் சங்கிலிகள் சுருண்டு கிடக்கவே வாய்ப்பு மிகுதி. நேராக நிற்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

இதை நீங்களே உணரலாம். பட்டையைச் சட்டென்று நீட்டி உதட்டின்மேல் வையுங்கள், இளஞ்சூடு தெரியும். சிறிது நேரம் நீட்டியபடியே பிடித்திருந்து, தளர்த்தி உடனே உதட்டில் வையுங்கள், குளிர்ச்சி தெரியும். ஜான் கஃப் என்னும் ஆங்கிலேயர் இதை 1805-ல் எழுதி வெளியிட்டார். பின்னர் ஜூல் இதை அளந்து 1859-ல் அறிவித்தார்.

ஒரு வாளி, ஒரு லிட்டர் அளவை

இனி பெட்டியின் எண்ணை நாமே சோதிப்போம். புதிய பட்டையை முதலில் பத்து முறை இழுத்து விடுங்கள். புதிய ரப்பர் முதல் சில இழுப்புகளில் சற்றே தளரும். பிறகு அதன் தளர்ந்த நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உறுதியான உத்தரத்திலோ மரக்கிளையிலோ தொங்கவிட்டு, கீழ்முனையில் எடை தெரிந்த பிளாஸ்டிக் வாளியைக் கட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் ஒரு கிலோ ஏறும். ஒவ்வொரு லிட்டருக்கும் பட்டையின் நீளத்தை அளந்து வரைபடத் தாளில் புள்ளி வையுங்கள். வாளி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குமேல் இருக்க வேண்டாம். முகத்தை எட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

கிடைக்கும் கோடு நேர்கோடாக இராது. பாடநூலில் படித்த ஹூக் விதியை ரப்பர் சிறு நீட்சியில் மட்டுமே பின்பற்றும். தண்ணீரை ஒவ்வொரு லிட்டராகக் குறைத்துக்கொண்டே அளந்தால் திரும்பும் கோடு போன வழியிலேயே வராது. இரும்பைக் காந்தமாக்கும்போது நீங்கள் படித்த ‘தயக்கம்’ இங்கும் உண்டு. இரு கோடுகளுக்கும் இடையிலுள்ள பரப்பு, வெப்பமாகப் போய்விட்ட ஆற்றல்.

அந்த வரைபடம்தான் உங்கள் பட்டையின் உண்மையான முத்திரை. பயிற்சி செய்யும்போது காலிலிருந்து கைவரை பட்டை எவ்வளவு நீண்டது என்று அளந்தால், ஏறிய சுமையைத் தாளிலேயே படித்துவிடலாம்.

உடற்பயிற்சிக் கூடத்துக்கு நிகரா?

இரண்டாம் வாசகத்தில் பாதி உண்மை உண்டு. தசை, தன்னை இழுப்பது இரும்பா ரப்பரா என்று கேட்பதில்லை. தனக்குப் பழக்கமில்லாத அளவு விசையை மீண்டும் மீண்டும் எதிர்த்தால் அது வலுப்பெறுகிறது. பட்டையையும் எடைகளையும் ஒப்பிட்ட 8 ஆய்வுகளை, மொத்தம் 224 பேரின் அளவீடுகளை, ஒன்றுசேர்த்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2019-ல் வெளிவந்தது. வலுவின் வளர்ச்சியில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதே அதன் முடிவு.

மறுபாதியைப் பெட்டி சொல்வதில்லை. காயமுற்ற போர்வீரர்களுக்குப் பயிற்சி தந்த தாமஸ் டிலார்ம் என்னும் அமெரிக்க மருத்துவர் 1945-ல் ஒரு முறையை வெளியிட்டார். வலு கூடக் கூடச் சுமையையும் அளந்து கூட்ட வேண்டும் என்பது அதன் சாரம். இரும்பில் இது எளிது. ஒரு கிலோத் தட்டைச் சேர்த்தால் போதும். பட்டையிலோ, நேற்று எங்கே பிடித்தோம் என்று குறிக்காவிட்டால் இன்று கூட்டினோமா குறைத்தோமா என்றே தெரியாது. பலர் மாதக்கணக்கில் இழுத்தும் பயன் காணாமைக்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் இல்லாத பட்டை பாதிக் கருவியே.

இன்னொரு குறையும் உண்டு. பட்டையின் சுமை, அசைவின் தொடக்கத்தில் குறைவு, முடிவில் மிகுதி. உட்கார்ந்து எழும் பயிற்சியில் நாம் திணறுவது அடியில். அங்கே பட்டை தளர்ந்து நிற்கிறது. நிமிர்ந்த பின் கால்கள் எளிதில் தாங்கும் நிலையில்தான் அது வலுவாக இழுக்கிறது. எனவே தோள், கை, முதுகு ஆகியவற்றுக்குப் பட்டை ஏற்றது. வரப்பிலும் மேட்டிலும் நடந்து பழகிய கால்களுக்கு மெல்லிய பட்டை விளையாட்டுப் பொருள்தான். ஒற்றைக்காலில் மெல்ல உட்கார்ந்து எழுவது அதைவிடக் கடினமான பயிற்சி. அதற்குக் காசும் வேண்டாம்.

தொப்பை கரையுமா?

மூன்றாம் வாசகத்துக்கு அதிக இடம் தேவையில்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் 1984-ல் வெளியிட்ட சோதனை ஒன்றில் இளைஞர்கள் 27 நாட்களில் 5,004 முறை படுத்து எழுந்து வயிற்றுக்குப் பயிற்சி செய்தார்கள். வயிறு, முதுகு, பிட்டம் ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் கொழுப்புச் செல்கள் எடுத்து அளக்கப்பட்டன. வயிற்றில் மட்டும் தனியாகக் கொழுப்புக் குறையவில்லை. பயிற்சி பெறும் தசை, தன் பக்கத்திலுள்ள கொழுப்பை மட்டும் எடுத்து எரிப்பதில்லை. கொழுப்பு இரத்தத்தின் வழியே உடலெங்கிலுமிருந்து வருகிறது. வயிற்றில் பட்டையைக் கட்டி இழுப்பதால் தொப்பை கரையும் என்று நம்ப வேண்டாம்.

பாட்டிக்கு என்ன பயன்?

‘வயலில் உழைத்த உடம்புக்கு இதெல்லாம் எதற்கு?’ என்று பாட்டி கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் வேலை நின்றதும் தசை தேயத் தொடங்குகிறது. வயது அதை விரைவுபடுத்துகிறது. நம் வீடுகளில் தரையில் அமர்ந்து எழ வேண்டும். கை ஊன்றாமல் எழ முடியாத நாள் வரும்போது விழும் ஆபத்தும் கூடவே வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பெரியவர்கள் அனைவரும் வாரத்தில் குறைந்தது 2 நாட்கள் தசைப் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. 65 வயதைக் கடந்தவர்கள் 3 நாட்களேனும், நிலைதடுமாறாமல் நிற்கும் பயிற்சியையும் வலுப்பயிற்சியையும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்கிறது.

முதுமையில் தசை வளருமா? 1990-ல் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய 10 பேருக்கு 8 வாரங்கள் கால்களுக்கு எடைப் பயிற்சி தரப்பட்டது. ஒன்பது பேர் அதை நிறைவு செய்தனர். அவர்களது வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. அவர்கள் பயன்படுத்தியது பட்டையன்று. உடனிருந்து கவனிக்க ஆட்களும் இருந்தார்கள். ஆயினும் வயதான தசையும் பயிற்சிக்குச் செவிசாய்க்கும் என்பதை அச்சோதனை ஐயமற நிறுவியது. இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ள முதியவர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும். இழுக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது.

பெட்டி சொல்லாதவை

வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரின் சங்கிலிகளை அறுக்கின்றன. ஜன்னல் கம்பியில் கட்டி வெயிலில் விட்டால் பட்டையில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி நலியும். எனவே தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு தொடாதீர்கள். சிறு கீறல் விழுந்த பட்டை, நீட்டும்போது அந்த இடத்திலேயே கிழியும். அறுந்தாலும் பாதத்திலிருந்து நழுவினாலும் அது முகத்தை நோக்கித்தான் வரும். கண்ணில் பட்டுப் பார்வை பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இயற்கை ரப்பர் சிலருக்கு ஒவ்வாமை தரும். தோல் தடித்தாலோ அரித்தாலோ நிறுத்திவிடுங்கள்.

நம் தீர்ப்பு

பட்டை நல்ல கருவி. அதைப் பற்றிச் சொல்லப்படுவது அரைகுறை. தளர்ந்த நீளம் எவ்வளவு, ஒன்றரை மடங்கு, இருமடங்கு, மும்மடங்கு நீட்டினால் விசை எவ்வளவு, எத்தனை மடங்குக்குமேல் நீட்டலாகாது என்ற விவரங்களைப் பெட்டியில் அச்சிடுவது கடினமான செயலன்று. வாங்குகிறவர் கேட்டால் விற்கிறவர் அச்சிடுவார்.

அதுவரை நம் கையில் வாளியும் தண்ணீரும் இருக்கின்றன. உடற்கல்வி ஆசிரியரும் இயற்பியல் ஆசிரியரும் சேர்ந்து ஒரு பிற்பகலில் பள்ளி மரத்தடியில் இச்சோதனையைச் செய்து காட்டலாம். அதைப் பார்த்த சந்தவாசல் மாணவர், அக்காவுக்கு எத்தனை நீளம், பாட்டிக்கு எத்தனை நீளம் என்று பட்டையில் பேனாவால் கோடு போட்டுத் தருவார். அவர் கொடுத்த காசுக்கு முழுப் பயன் அன்றுதான் கிடைக்கும்.