கேட்காத குரல்: ‘லிட்டில் ஃபஸ்ஸி’ நாவல் பற்றி

எச். பீம் பைப்பர் 1962இல் வெளியிட்ட ‘லிட்டில் ஃபஸ்ஸி’ என்ற ஆங்கில விஞ்ஞானப் புனைகதையை, வீட்டுப் புள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லலாம் என்றுதான் கையிலெடுத்தேன். முடித்தபோது மனதில் நின்றது மௌத்தாகிப்போன எங்கட சாச்சி.

கதை நடப்பது சரதுஸ்த்ரா என்னும் கற்பனைக் கிரகத்தில். தனியாக இரத்தினக்கல் தேடித் திரியும் ஜேக் ஹொலொவே என்ற கிழவரின் குடிலுக்குள் பொன்னிற மயிர் மூடிய சின்னஞ்சிறு உயிரொன்று வந்துசேர்கிறது. அவர் அதற்கு ஃபஸ்ஸி என்று பெயர் வைக்கிறார். சாதுவானது, மடியில் ஏறிக்கொள்ளும், பிறகு தன் குடும்பத்தையும் கூட்டிவருகிறது. இதுவரைக்கும் செல்லப்பிராணிக் கதைதான்.

ஆனால் அந்தக் கிரகம் ஒரு கம்பனியின் கையில் இருக்கிறது. அறிவுள்ள சுதேசிகள் யாரும் அங்கு இல்லை என்பதே அதன் உரிமப் பத்திரத்தின் அடிப்படை. ஃபஸ்ஸிகள் விலங்கென்றால் கம்பனிக்கு இலாபம். அறிவுள்ளவை என்றால் கிரகமே கைவிட்டுப் போகும். கதைக்க வேண்டும், நெருப்பு மூட்ட வேண்டும் என்பது வழமையான அளவுகோல். ஃபஸ்ஸிகளிடம் இரண்டும் காணப்படவில்லை.

கோல்டிலொக்ஸ் என்ற ஃபஸ்ஸி தன் கழுத்தில் தொங்கும் புதுச் சாமானைக் காட்டப்போய், கம்பனியின் விஞ்ஞானியால் மிதித்துக் கொல்லப்படுகிறது. இது கொலையா, ஒரு மிருகத்தைக் கொன்றதா? வழக்கு இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. கடைசியில் உண்மை வெளிப்படுகிறது: ஃபஸ்ஸிகள் முதலிலிருந்தே கதைத்துக்கொண்டுதான் இருந்தன. அந்த ஒலி மனிதச் செவிக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. கருவியொன்றை மாட்டியதும் கேட்கிறது. குறை அவற்றின் வாயில் இல்லை, எங்கட காதில்தான் என்று பைப்பர் காட்டும் இடம் நாவலின் உச்சம்.

சாச்சிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, வாய் பேசாது. முழுக் குடும்பமும் அவவைச் செல்லமாகத்தான் வைத்திருந்தது. பெருநாளுக்கு முதல் உடுப்பு அவவுக்குத்தான். ஆனால் காணி பிரித்த அன்றைக்கு ஒருத்தரும் அவவிட்ட ஒரு வார்த்தை கேட்கல்ல. சைகையால் கேட்டிருந்தால் சொல்லியிருப்பா. “அவவுக்கு என்ன குறை, நாங்க பார்க்கிறந்தானே” என்றார்கள். நானும் அந்தப் பாயில்தான் இருந்தேன்.

அதனால்தான் நாவலின் முடிவு எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. தீர்ப்பு ஃபஸ்ஸிகளை அறிவுள்ளவை என்று ஏற்கிறது. ஆனால் சிறுபிள்ளைகளின் இடத்தில்தான் வைக்கிறது. மனிதக் குடும்பங்கள் அவற்றைத் தத்தெடுக்க ஏற்பாடாகிறது. குரல் கேட்டாயிற்று, உங்களுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கடைசிப் பக்கங்களில் பைப்பர் லிட்டில் ஃபஸ்ஸியின் மனதுக்குள் நுழைந்து, மனிதரோடு இருப்பதே அதற்குச் சந்தோசம் என்று எழுதிவிடுகிறார். கேட்க வேண்டிய கேள்விக்கு ஆசிரியரே பதில் சொல்லிவிட்டார்.

இன்னொன்று: ஃபஸ்ஸிகள் அழகாக இருந்தன. அருவருப்பான உருவத்தில் இருந்திருந்தால் ஹொலொவே அவற்றுக்காகத் துவக்கு எடுத்திருப்பாரா? பிடித்தவர்களுக்கு மட்டும் கிடைப்பதை நீதி என்று சொல்ல முடியாது.

இவ்வளவும் சொன்னாலும் இது நல்ல நாவல்தான். புள்ளைகளுக்கும் கதையைச் சொன்னேன். கோல்டிலொக்ஸ் செத்த இடத்தில் சின்னவள் அழுதாள். பெரியவள் மட்டும், “அதுகள்ற காட்டை அதுகளுக்கே கொடுத்தாங்களா?” என்று கேட்டாள். நாவலில் நான் தேடிய கேள்வி அதுதான்.