கேட்பவர் கையில் துப்பாக்கி

1962 ஆகஸ்ட் 15 அன்று நெதர்லாந்தும் இந்தோனேசியாவும் நியூயார்க்கில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நியூகினித் தீவின் மேற்குப் பாதி, மேற்குப் பப்புவா என்று நாம் அறியும் நிலம், யாரோடு இருக்க வேண்டும் என்பதை அங்குள்ள மக்களே முடிவு செய்வார்கள் என்றது அது. அதன் பதினெட்டாம் பிரிவு, தகுதியுள்ளவர்கள் யார் என்று சொல்லும்போது 'வயதுவந்தோர் அனைவரும்' என்று நிறுத்திக்கொள்ளவில்லை. ஆண், பெண் இருபாலரும் என்று தனியாகவே எழுதுகிறது. மலைக்கிராமத்துப் பப்புவாப் பெண்ணையும் கணக்கில் எடுத்துக்கொண்ட வாசகம்.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1969 ஜூலையிலும் ஆகஸ்டிலும் நடந்தது வேறு. இந்தோனேசிய ராணுவத்தின் பிடியில் இருந்த அந்த நிலத்தில், சுமார் 8 லட்சம் மக்களின் சார்பில் 1,025 பேர் பேசினால் போதும் என்றானது. வாக்குச்சீட்டு இல்லை, மறைவிடம் இல்லை. கலந்துபேசி ஒருமித்து முடிவெடுக்கும் மரபு என்று சொல்லி, அதிகாரிகள் முன்னிலையில் வெளிப்படையாகச் சம்மதம் கேட்டார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. ஐ.நா. பொதுச்சபை அந்த நவம்பரில் 84 நாடுகளின் ஆதரவோடு அதைக் 'குறித்துக்கொண்டது'. ஏற்கவும் இல்லை, நிராகரிக்கவும் இல்லை. ஊர்க்கூட்டத்தில் ஒரு பெண்ணின் புகாரைக் கேட்டுவிட்டு, "சரிம்மா, பார்க்கலாம்" என்று துண்டை உதறிக்கொண்டு எழும் பெரியவரின் வினைச்சொல் அது.

ராணுவ ஆக்கிரமிப்பில் நடக்கும் பொது வாக்கெடுப்பு நியாயமாக இருக்க முடியுமா என்ற கேள்வியைச் சட்டம் படித்தவர்களிடம் மட்டும் விட்டுவிட எனக்கு மனமில்லை. அடிப்படையில் அது சம்மதம் பற்றிய கேள்வி. தட்டு மாற்றி முடித்த பிறகு, கூடம் நிறைய உறவினர் இருக்க, "உனக்குச் சம்மதம்தானேம்மா?" என்று கேட்கப்பட்ட பெண்கள் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் தலையசைப்பைச் சம்மதத்துக்குச் சான்றாக யாரும் காட்டக் கூடாது என்றுதான் பெண்ணியம் இத்தனை காலமாக வாதாடி வருகிறது.

புறநானூற்றில் மகட்பாற்காஞ்சி என்றொரு துறை உண்டு. வேந்தன் படையோடு வந்து பெண் கேட்பான். தந்தையும் தமையன்மாரும் மறுப்பார்கள். இந்த அழகால் ஊர் அழியப்போகிறதே என்று புலவர் இரங்குவார். வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அந்தப் பெண் என்ன சொன்னாள்? பாடல்களில் அவள் குரல் இல்லை. இன்றைய வேந்தர்கள் கொஞ்சம் முன்னேறியிருக்கிறார்கள். படையை நிறுத்திவிட்டு அவளிடமும் கேட்கிறார்கள்.

எப்படிக் கேட்கிறார்கள் என்பதற்கு ஒரு வாக்குச்சீட்டை வாசிக்கலாம். 2014 மார்ச் 16, கிரிமியா. அடையாளச் சின்னம் அணியாத ரஷ்யப் படையினர் வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. சீட்டில் இரண்டு தெரிவுகள்: ரஷ்யாவோடு இணைவது, அல்லது 1992ஆம் ஆண்டின் கிரிமிய அரசியல் சாசனத்தை மீட்பது. இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டும் என்பவருக்குக் கட்டமே கிடையாது. 'இல்லை' என்ற சொல்லை அச்சிடாத கேள்வித்தாள். முடிவு 96.77 சதவீதம் என்றார்கள்.

2022 செப்டம்பரில் உக்ரைனின் நான்கு பகுதிகளில் அந்தச் சீட்டு வாசலுக்கே போனது, துப்பாக்கி ஏந்தியவர்கள் துணையோடு. பதிலை வாய்மொழியாகக் கேட்டுப் படைவீரரே சீட்டில் குறித்துக்கொண்டதாக அங்கிருந்தவர்கள் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். இங்கேயும் 'குறித்துக்கொள்வது'தான். தொனெத்ஸ்க் பகுதியில் 99.23 சதவீதம் ஆதரவு என்று அறிவித்தார்கள்.

"அவ்வளவு பேருமா மேம் பொய் சொல்லியிருப்பாங்க?" என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. கிரிமியாவில் ரஷ்யாவோடு இணைய மனதார விரும்பியவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் விரும்பிச் சொன்ன 'ஆம்' எது, பயந்து சொன்ன 'ஆம்' எது என்று பிரித்தெடுக்கும் வழியை அந்த வாக்கெடுப்பே அழித்துவிட்டது. விரும்பியவர்களின் வாக்குக்கும் அதனால் மதிப்பில்லாமல் போயிற்று.

இந்த வழியைக் காப்பது எப்படி என்று வாழ்நாள் முழுக்க யோசித்தவர் ஒரு பெண். சாரா வாம்பா, அமெரிக்கர். அந்நாட்டுப் பெண்களின் வாக்குரிமை அரசியல் சாசனத்தில் ஏறிய அதே 1920இல், பொது வாக்கெடுப்புகள் பற்றிய அவரது முதல் பெருநூல் வந்தது. அவர் வற்புறுத்தியது இதைத்தான்: உரிமை கோரும் தரப்பின் படையும் நிர்வாகமும் விலகி, நிலம் நடுநிலையான கைகளுக்கு வர வேண்டும். அதன் பிறகே வாக்கு. அவரை ஆலோசகராக வைத்து 1935இல் சார் பகுதியில் நடந்த வாக்கெடுப்புக்கு நான்கு நாடுகளிலிருந்து சுமார் 3,300 வீரர்கள் காவலுக்கு வந்தார்கள். பெண்களும் வாக்களித்தார்கள், பக்கத்துப் பிரான்சில் பெண்களுக்கு வாக்கே இல்லாதபோது. பத்தில் ஒன்பது பேர் ஹிட்லரின் ஜெர்மனியைத் தேர்ந்தார்கள் என்பது கசப்பான தகவல். முறை ஒழுங்காக இருந்தால் முடிவும் நல்லதாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது நடக்காத ஒரு வாக்கெடுப்பு. சிலி போரில் பிடித்துவைத்திருந்த தாக்னா, அரிக்கா நிலங்களுக்காகப் பெரு தரப்பின் ஆலோசகராக வாம்பா போயிருந்தார். வாக்கெடுப்பை நடத்த வந்த அமெரிக்கத் தளபதி லாசிட்டர், சிலியின் நடவடிக்கைகளால் நேர்மையான வாக்கெடுப்பு சாத்தியமில்லை என்று 1926இல் அறிவித்தார். நடுவர் ஒருவர் 'இந்த நிலையில் கேட்கவே கூடாது' என்று சொன்ன அபூர்வமான தருணம் அது.

இதற்கெல்லாம் எதிர்வாதமாகக் கிழக்குத் திமோரைக் காட்டுவார்கள். 1999 ஆகஸ்ட் 30. இந்தோனேசிய ஆக்கிரமிப்பின் இருபத்து நான்காம் ஆண்டு. 98.6 சதவீதம் பேர் வந்து வாக்களித்தார்கள். 78.5 சதவீதம் பேர் இந்தோனேசியாவின் கீழ் தன்னாட்சி வேண்டாம் என்றார்கள். ஆக்கிரமிப்புக்குள்ளேயே உண்மை வெளிவந்துவிட்டதே என்பது வாதம்.

வந்தது, மறுக்கவில்லை. துப்பாக்கியின் பக்கம் சாயும் 'ஆம்' எதையும் நிரூபிப்பதில்லை. அதற்கு எதிராகச் சொல்லப்படும் 'இல்லை'க்கு வேறு எடை. ஆனால் அந்த மக்களின் துணிச்சலை எடுத்து வாக்கெடுப்பின் நியாயத்துக்கு வரவு வைப்பதை என்னால் ஏற்க முடியாது. மே 5 ஒப்பந்தத்தில் பாதுகாப்புப் பொறுப்பை இந்தோனேசியக் காவல்துறையிடமே கொடுத்தார்கள். அதற்குச் சில வாரம் முன்புதான் லிக்கிசா தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தவர்களை ஆயுதக் குழுவினர் கொன்றிருந்தார்கள். ஐ.நா. ஊழியர்களுக்கும் நிலைமை தெரிந்தே இருந்தது. எந்த ஊர் எப்படி வாக்களித்தது என்று தெரிந்தால் அந்த ஊர் பழிவாங்கப்படும் என்பதால், எல்லா வாக்குகளையும் திலி நகருக்குக் கொண்டுவந்து ஒரே இடத்தில் எண்ணினார்கள். ஓர் ஊரையே மறைத்துவைக்க வேண்டிய வாக்கெடுப்பு!

மறைக்க முடியவில்லை. செப்டம்பர் 4 அன்று முடிவு வந்ததும் நாடே எரிந்தது. சர்வதேசப் படை இறங்க 20ஆம் தேதி ஆனது. இடைப்பட்ட நாட்களில் பெண்கள் வல்லுறவுக்கு உள்ளானார்கள். மேற்குத் திமோர் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கேயும் சிதைக்கப்பட்டார்கள். திமோரின் உண்மை ஆணையம் 2005இல் தந்த அறிக்கையில் அவர்களின் சாட்சியங்கள் இருக்கின்றன. அறிக்கையின் தலைப்பு 'சேகா'. போர்த்துகீசிய மொழியில் 'போதும்'.

அப்படியானால் படை விலகும்வரை காத்திருக்க வேண்டுமா? ஆக்கிரமித்தவன் தானாக விலகுவானா? இந்தக் கேள்வியை என்னால் லேசாகத் தள்ள முடியவில்லை. காத்திருப்பும் ஆக்கிரமிப்பவனுக்கே உதவுகிறது. மேற்கு சஹாராவில் வாக்கெடுப்பு நடத்த ஐ.நா. குழு 1991இல் போனது. யார் வாக்காளர் என்ற தகராறு இழுத்துக்கொண்டே போனது. மொராக்கோவின் பிடி இறுகியதே தவிர, வாக்கெடுப்பு நடக்கவில்லை.

மக்கள் கேட்டால் வாக்கெடுப்பு நடக்கட்டும். ஆனால் காவலை யாரிடம் ஒப்படைப்பது என்று கையெழுத்திடுபவர்கள், மறுநாள் காலையில் யார் வீட்டுக் கதவு உடைக்கப்படும் என்பதற்கும் சேர்த்தே கையெழுத்திடுகிறார்கள். திமோரில் அந்தக் கையெழுத்துகளில் ஒன்று ஐ.நா. பொதுச்செயலாளருடையது. அல்ஜீரியாவின் திந்தூஃப் அருகே பாலைவன முகாம்களில் சஹ்ராவிப் பெண்கள் பள்ளியும் மருத்துவமனையும் நடத்திக்கொண்டு, 1970களிலிருந்து காத்திருக்கிறார்கள்.